ஊதியம் என்னும் சொல்

தலைநகரில் நாம் குடியிருக்கும் கட்டடத் தொகுதியின் வாயிலில் பதினோர் ஆண்டுகளாகக் காவல் புரிந்துவரும் முதியவர் ஒருவர் இருக்கிறார். உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக வந்தவர். அரசாங்கத் தாள்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது நமது தொழில் என்று எவரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஒரு மாலை, மடித்து மடித்து மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாளை நம்மிடம் நீட்டினார். அவருடைய சம்பளச் சீட்டு அது. அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி, சலவைப்படி, ‘இதர படி’ என்று பல வரிகள். அவற்றின் கீழே பிடித்தங்கள் சில. “பாபுஜி, புதிய சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். இந்தச் சீட்டில் எது என் சம்பளம்?” என்று கேட்டார்.

கேள்வி எளியது. எனினும் நெடுங்காலமாக நம் நாட்டுச் சட்டங்கள் இக்கேள்விக்கு ஒரே விடையைக் கூறியதில்லை என்பதே உண்மை. சம்பளம் உரிய நாளில் தரப்படுகிறதா என்று பார்க்கும் சட்டத்தில் ‘ஊதியம்’ என்றால் ஒரு பொருள். போனஸ் கணக்கிடும் சட்டத்தில் வேறொரு பொருள். பணி முடிந்து செல்பவருக்குப் பணிக்கொடை வழங்கும் சட்டத்தில் இன்னுமொரு பொருள். வருங்கால வைப்பு நிதிச் சட்டத்திலோ மற்றுமொன்று. ஒருவர் ஒரே முதலாளியிடம் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கையில், அவருடைய ஊதியம் எவ்வளவு என்பது எந்தச் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்திருந்தது.

இந்த நிலை 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாறியது. அன்றுதான் மைய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஒருசேர நடைமுறைக்கு வந்தன. ஊதியம் பற்றிய தொகுப்பு 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பும் பணிநிலைமைகளும் ஆகியவை பற்றிய ஏனைய மூன்றும் 2020-இல் நிறைவேறின. நிறைவேறியும் ஐந்தாறு ஆண்டுகள் அவை ஏட்டளவிலேயே காத்துக் கிடந்தன. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதலாக 29 மையச் சட்டங்கள் இந்நான்கினுள் அடங்கின. இவ்வாறு சட்டங்களை இனவாரியாகத் தொகுத்துவிட வேண்டும் என்று இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணைக்குழு 2002-இலேயே பரிந்துரைத்திருந்தது.

நான்கு தொகுப்புகளையும் முழுமையாக விளக்க இச்சிற்றேட்டில் இடமில்லை. விளக்கினாலும் படிப்பவர்க்கு அலுப்புத் தட்டிவிடும். காவலாளியின் கேள்வியையே கைவிளக்காகக் கொண்டு, அது வெளிச்சமிடும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

ஊதியம் என்பதற்குப் புதிய சட்டம் தரும் விளக்கத்தின் முதற்பகுதி பழகியதுதான். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வேலையில்லாப் பருவத்திலும் ஆளை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளத் தரப்படும் தக்கவைப்புப்படி ஆகிய மூன்றும் சேர்ந்தது ஊதியம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, போனஸ், மிகைநேரப் பணம், தரகு, வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு முதலியன ஊதியத்தில் சேரா. இதுவரை பெரிய புதுமையில்லை. புதுமை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. இவ்வாறு விலக்கப்பட்ட இனங்கள் ஒருவருடைய மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டுமானால், தாண்டிய பகுதி முழுவதும் ஊதியமாகவே கருதப்படும்.

இவ்வரி ஏன் எழுதப்பட்டது என்பதை அறிய, அலுவலகக் கணக்கர்களின் சாமர்த்தியத்தைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். பணிக்கொடையும் வைப்பு நிதிப் பங்கும் அடிப்படைச் சம்பளத்தின்மேல் கணக்கிடப்பட்டதால், அடிப்படையைச் சிறுக்க வைத்துப் படிகளைப் பெருக்குவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. சிறப்புப்படி, ஈட்டுப்படி, கல்விப்படி, தொலைபேசிப்படி என்று படிக்கட்டுகள் நீண்டுகொண்டே போயின. கையில் வாங்கும் தொகை குறையாததால் ஊழியர்களும் இதை எண்ணிப் பார்க்கவில்லை. பணி முடியும் நாளில்தான் எண்ணினார்கள். எல்லா ஊழியருக்கும் ஒரேமாதிரியாகத் தரப்படும் படியை வைப்பு நிதிக் கணக்கிலிருந்து ஒதுக்க இயலாது என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சட்டமோ பெயர் எதுவாயினும் சரி, பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கோடு கிழித்துவிட்டது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சிறு கணக்கை எழுதிப் பார்த்தாலன்றி இவ்விஷயம் மனத்தில் பதியாது. ஒரு கணக்குப்பிள்ளைக்கு மாதம் மொத்தம் 30,000 ரூபாய்; அதில் அடிப்படை 10,000, படிகள் 20,000 என்று கொள்வோம். மொத்தத்தில் பாதி 15,000. படிகள் அதனை 5,000 ரூபாய் தாண்டுகின்றன. தாண்டிய 5,000 ரூபாய் அடிப்படையோடு சேர்கிறது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவருடைய ஊதியம் 15,000. பணிக்கொடை என்பது ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்து அதைக் கணக்கிடுவார்கள். பத்தாண்டுப் பணிக்குப் பழைய முறையில் அவருக்கு வந்திருக்கக்கூடியது ஏறத்தாழ 57,692 ரூபாய். புதிய முறையில் அது ஏறத்தாழ 86,538 ரூபாய். ஒரு குடும்பத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கடனுக்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த அளவினதாக இருக்கக்கூடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தல் தகாது. வைப்பு நிதிக்கு ஊழியரும் முதலாளியும் ஊதியத்தில் நூற்றுக்கு 12 வீதம் செலுத்துகிறார்கள். 10,000 ரூபாய்க்கு 1,200 கட்டிவந்த கணக்குப்பிள்ளை 15,000 ரூபாய்க்கு 1,800 கட்டவேண்டும். மாதந்தோறும் கைக்கு வரும் தொகையில் 600 ரூபாய் குறையும். முதலாளியின் பங்கும் அதே அளவு கூடும். அது பிற்காலத்துக்கான சேமிப்பே என்றாலும், இம்மாத வாடகையைச் சேமிப்பிலிருந்து கொடுக்க முடியாதன்றோ? சட்டம் விதித்த உச்சவரம்புக்கு மேற்பட்ட சம்பளக்காரர்களுக்கு, வரம்புத் தொகையின்மேல் மட்டும் பங்கு செலுத்திவரும் நிறுவனங்களில் இந்த மாறுதல் உணரப்படாது. சிறு சம்பளக்காரரின் சீட்டில்தான் உணரப்படும்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர்களின் பழக்கத்தால் சொல்லாராய்ச்சி சிறிது தலைகாட்டுகிறது, நேயர்கள் பொறுத்தருள்வார்களாக. சம்பளம் என்னும் சொல் சம்பா நெல்லையும் அளமாகிய உப்பையும் குறித்து வந்தது என்பர் சிலர். கூலி என்பதற்குக் கூலமாகிய தானியத்தைக் காட்டுவாரும் உளர். இவ்வாராய்ச்சிகள் எவ்வளவு உறுதியானவை என்று புலவர்கள் சொல்லட்டும். நெல்லாகவும் உப்பாகவும் வாங்கிய காலத்தில், வாங்கியதில் எது சம்பளம் எது சம்பளமன்று என்று எவரும் கேட்டிருக்க வழியில்லை. நாணயமும் கணக்கேடும் வந்த பிறகே இக்கேள்வி பிறந்தது. அரசாங்கத் தமிழில் ‘கூலி’ என்றெழுதினால் தாழ்வாயிருக்கிறது என்று ‘ஊதியம்’ என்றெழுதுகிறோம். சொல்லை உயர்த்திவிட்டோம், தொகை உயர்ந்ததா என்று பார்ப்பது வேறு துறையினரின் வேலை.

தொகையைப் பற்றியும் புதிய சட்டம் பேசாமலில்லை. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் உரியதாக இருக்கவில்லை. அரசாங்கம் ஓர் அட்டவணையில் எந்தத் தொழிலின் பெயரை எழுதியதோ அந்தத் தொழிலுக்கு மட்டுமே அது செல்லும். அட்டவணையில் இடம்பெறாத வேலையில் இருப்பவர் குறைந்தபட்ச ஊதியம் கேட்கச் சட்டத்தில் வழியில்லை. இப்போது அந்த அட்டவணை நீங்கிவிட்டது. மேலும், நாடு முழுவதற்கும் ஓர் அடித்தள ஊதியத்தை மைய அரசு வரையறுக்கவும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே செல்லாதிருக்கவும் சட்டம் இடம் வகுத்துள்ளது. 1996-இல் நாளொன்றுக்கு 35 ரூபாய் என்று தொடங்கி 2017-இல் 176 ரூபாய் வரை ஏறிய பழைய தேசிய அடித்தளத்துக்குச் சட்ட வலு இருந்ததில்லை. அது மாநிலங்களுக்குச் சொன்ன யோசனை மட்டுமே. இனி வரையறுக்கப்படுவது கட்டுப்படுத்தும். ஆனால் எவ்வளவு உயரத்தில் வரையறுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முழங்கால் உயரத்தில் போட்ட தளத்தின்மேல் நின்றால் வெள்ளத்துக்குத் தப்ப முடியாது.

ஊதியத் தொகுப்பில் நமக்கு மிகவும் பயனுடையவையாகத் தோன்றுபவை செய்தித்தாள்களில் அதிகம் பேசப்படாத சில பிரிவுகள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் நாள் முடிவதற்குள் தரப்படவேண்டும். வேலையை விட்டு ஒருவர் நீக்கப்பட்டாலும், ஆட்குறைப்புக்கு உள்ளானாலும், தாமே விலகினாலும், அவருக்குச் சேரவேண்டிய ஊதியம் இரண்டு வேலைநாட்களுக்குள் அவர் கைக்கு வரவேண்டும். “கணக்கு முடிக்கிறோம், அடுத்த மாதம் வாருங்கள்” என்று அலையவைக்கும் வழக்கத்துக்கு இது நேரான மறுப்பு. மிகைநேர வேலைக்கு இருமடங்கு வீதத்துக்குக் குறையாமல் தரவேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது. சம்பளச் சீட்டு கொடுப்பது கடமை.

குறைவாகக் கொடுத்தால் கேட்பதற்கு முன்பு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ் ஆறு மாதமும், ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின்கீழ் ஓராண்டுமே தவணை இருந்தது. இப்போது மூன்று ஆண்டு. முறையீடு செய்த பின்னர், பணம் கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது. கொடுக்கவில்லை என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இதன் அருமையை, எழுத்தறியாத ஒருவர் அதிகாரியின் மேசைமுன் நிற்பதை நேரிற் கண்டவர்களே அறிவர். கொடுக்காததை மெய்ப்பிப்பது எப்படி? இல்லாத ஒன்றுக்கு ரசீது உண்டா? அந்தச் சுமையைச் சட்டம் உரிய தோளுக்கு மாற்றியிருக்கிறது. கணக்கேடும் வங்கித் தாளும் வைத்திருக்கும் நேர்மையான முதலாளிக்கு இதனால் இடர் ஒன்றுமில்லை.

முன்னாளில் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கப்பட்டவர் இனி ‘ஆய்வாளரும் வழிகாட்டுநரும்’ ஆவார். வழக்குத் தொடர்வதற்கு முன்பு, பிழையைத் திருத்திக்கொள்ள முதலாளிக்கு அவர் ஒரு வாய்ப்புத் தரவேண்டும். சிறு தொழில் நடத்துபவர்கள் இதை வரவேற்பது இயல்பே; அவர்களிற் பலர் தாள்வேலையின் பெருக்கத்தால் தவறியவர்களேயன்றித் தீயவர்கள் அல்லர். எனினும் ஓர் ஆளே வழிகாட்டியாகவும் தண்டிப்பவராகவும் இருப்பது எவ்வளவு தூரம் இயலும் என்பதில் நமக்குச் சற்று ஐயமுண்டு.

இதுவரை ஊதியம் என்னும் சொல். அதற்கு அடுத்த சொல், அவ்வூதியத்தைப் பெறுபவர் யார் என்பது. அங்கேதான் சட்டம் சிலரை வாயிலுக்குள் அழைத்துச் சிலரைத் திண்ணையில் உட்காரவைக்கிறது.

கைப்பேசியில் வரும் கட்டளைக்கு இணங்க உணவுப் பொட்டலம் கொண்டு செல்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர் ஆகியோரை நகரங்களின் ஒவ்வொரு தெருமுனையிலும் காண்கிறோம். 2020-21-இல் இத்தகையோர் 77 லட்சம் பேர் இருக்கலாம் என்றும், 2029-30-இல் அவர்கள் 2.35 கோடி ஆகலாம் என்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களை முதன்முறையாக மையச் சட்டத்தில் பெயர் சொல்லி அழைக்கிறது. வேலையைச் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்றுமுதல் இரண்டு வரை ஒரு நிதிக்குச் செலுத்தவேண்டும். ஆனால் அத்தொகை இத்தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டவேண்டியதில்லை. இந்நிதியைக் கொண்டு விபத்து, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்குத் திட்டங்கள் வகுக்கலாம். ராஜஸ்தான் 2023-இலேயே இவர்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது; கர்நாடகம் 2025-இல் தொடர்ந்தது.

ஆனால் இவர்களுக்குச் சட்டம் வகுத்த இலக்கணத்தைக் கூர்ந்து படித்தல் வேண்டும். வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு ‘வெளியே’ வேலை செய்து பொருளீட்டுபவர் என்பது அந்த இலக்கணம். அந்த ஒரு சொல்லால் அவர்கள் சமூகப் பாதுகாப்பைப் பெறலாம். குறைந்தபட்ச ஊதியத்தையோ, மிகைநேர வீதத்தையோ, இரண்டு நாளில் கணக்குத் தீர்ப்பதையோ உரிமையாகக் கேட்க முடிவதில்லை. மழையில் நனைந்து மூன்றாம் மாடி ஏறி வருபவருக்குப் பெயர் கிடைத்தது. ஊதியம் என்னும் சொல் அவரை இன்னும் எட்டவில்லை.

தொழிலுறவுத் தொகுப்புக்கு வருவோம். தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் கடுமையான கருத்து வேற்றுமை தோன்றியது இதன்மேல்தான். தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் நாளாகிய நவம்பர் 26 அன்று பத்து மையத் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய எதிர்ப்பு நாள் நடத்தின.

அவர்களுடைய முதல் குறை ஓர் எண்ணைப் பற்றியது. தொழிற்சாலையை மூடுவதற்கும் ஆட்குறைப்புச் செய்வதற்கும் அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்னும் விதி 1976-இல் சேர்க்கப்பட்டபோது 300 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கே அது உரியதாயிருந்தது. பின்னர் 1982-இல் செய்த திருத்தத்தால் அந்த எண் 100 ஆகக் குறைந்தது. இப்போது மீண்டும் 300. நூறைத் தாண்டினால் தளை என்று அஞ்சிப் பல நிறுவனங்கள் வளராமலே இருந்துவிட்டன என்பது முதலாளிகளின் வாதம். 2014-இல் ராஜஸ்தான் மாநிலம் தன்னளவில் இவ்வெண்ணை 300 ஆக்கியபோதும் இதையே சொன்னார்கள். அனுமதி தேவையில்லை என்பதால் ஆட்குறைப்பு இலவசமாகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியமும் முன்போலவே தரவேண்டும். அன்றியும், ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் வேறு தொழில் கற்றுக்கொள்வதற்காக மேலும் 15 நாள் ஊதியத்தை முதலாளி ஒரு நிதிக்குச் செலுத்தவேண்டும்; அது 45 நாட்களுக்குள் அவர் கணக்கில் சேரவேண்டும்.

எண்ணைவிட நம் கண்ணை உறுத்துவது எண்ணுக்குப் பின்னால் வரும் சொற்கள். ‘300 அல்லது அறிவிக்கையால் குறிக்கப்படும் அதனினும் உயர்ந்த எண்’ என்பது சட்டத்தின் கருத்து. 100-ஐ 300 ஆக்கச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ விவாதம் வேண்டியிருந்தது. 300-ஐ அதற்கு மேல் உயர்த்த அரசிதழில் ஒரு பக்கம் போதும். இவ்வளவு பேரின் வாழ்வைத் தொடும் மாற்றம் இன்னும் சற்று உயரமான வாசற்படியைத் தாண்டி வரும்படி வைத்திருக்கலாம் என்பது நம் கருத்து.

இரண்டாவது குறை வேலைநிறுத்தம் பற்றியது. இதில் நம் தொழிலைச் சேர்ந்தவர்களே செய்த பிழை ஒன்றைச் சுட்டாமலிருக்க முடியவில்லை. ‘வேலைநிறுத்தத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும்’ என்று பல மொழிப் பத்திரிகைகளிலும் எழுதினார்கள். சட்டம் சொல்வது அதுவன்று. வேலைநிறுத்தத்துக்கு முந்திய 60 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுத்திருக்கவேண்டும். கொடுத்த நாளிலிருந்து 14 நாள் கழியும்வரை வேலையை நிறுத்தலாகாது. அதாவது காத்திருக்கவேண்டிய காலம் 14 நாள். கொடுத்த அறிவிப்பு உயிரோடிருக்கும் காலம் 60 நாள். இரண்டையும் குழப்பியதால் எத்தனை தொழிலாளர் தமக்குள்ள உரிமையை உள்ளதைவிடக் குறைவாக எண்ணினார்களோ! இருப்பினும் மாறுதல் சிறிதன்று. முன்பு மின்சாரம், போக்குவரத்து போன்ற பொதுப்பயன் பணிகளுக்கு மட்டுமே இருந்த முன்னறிவிப்புக் கடமை இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் பரவியிருக்கிறது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. அறிவிப்புக் கொடுத்ததும் சமரச அதிகாரி பேச்சைத் தொடங்கிவிடுவாரானால், 14 நாள் முடிவதற்குள்ளேயே வேறொரு கதவு அடைபட்டுவிடும். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் கூடித் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும்.

தொழிலாளர் பக்கம் வந்து சேர்ந்த ஒன்றும் உண்டு. அதைக் காணச் சென்னைக்கு ஒருகணம் செல்லவேண்டும். 1918-இல் பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனர். சில ஆண்டுகளில் ஆலையை நடத்திய நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்று, தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று வாடியாவுக்கு எதிராகத் தடை பெற்றது. சங்கம் வைத்ததற்காக நீதிமன்றம் ஏறவேண்டிய அந்நிலையே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறக்கக் காரணங்களில் ஒன்றாயிற்று. ஆனால் அச்சட்டம் சங்கத்தைப் பதிவு செய்துகொள்ள வழிவிட்டதேயன்றி, பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. புதிய தொகுப்பு அக்குறையை நிரப்புகிறது. ஆலைத் தொழிலாளரில் நூற்றுக்கு 51 பேரைக் கொண்ட சங்கம் பேச்சுவார்த்தைக்குரிய தனிச்சங்கமாகும். அத்தகைய சங்கம் இல்லையேல், நூற்றுக்கு 20 பேருக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிய குழு பேசும். சிறு சங்கங்கள் இதனால் நசுங்கும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆயினும் யாரோடும் பேசமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை முதலாளிக்கு இனி இல்லை.

பெண்களின் இரவுப்பணி, புலம்பெயர்ந்த தொழிலாளரின் பயணப்படி, 240 நாளுக்குப் பதிலாக 180 நாள் வேலை செய்தாலே ஊதியத்தோடு கூடிய விடுப்புக்கு உரிமை என்பன போன்ற மாறுதல்கள் பிறவும் உள. அவற்றைத் தனியே பேசுதல் நலம். தொழிலாளர் நலம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால் விதிகளில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு இருக்கும் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்வோம்.

காவலாளி இன்னும் வாயிலில் காத்திருக்கிறார். அவருக்குச் சொன்ன விடையில் மகிழ்ச்சியும் வருத்தமும் கலந்திருந்தன.

பதினோர் ஆண்டுகளில் அவர் நின்ற வாயில் மாறவில்லை; அவரை அமர்த்திய ஒப்பந்தக்காரர் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய சீருடை தந்தார்கள். பணியாண்டுகளையும் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். அந்த ஐந்தை அவர் எட்டும் சமயத்தில் ஒப்பந்தம் கைமாறிவிடும். ஒரு குறித்த காலத்துக்கென்று எழுத்துமூலம் நேரடியாக அமர்த்தப்படும் ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்று புதிய சட்டம் கூறுகிறது. ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆளாகிய இவர் அப்படி எழுதப்பட்டவர் அல்லர். நிறுவனத்தின் மையத் தொழிலில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கலாகாது என்ற தடையும் அவருக்கு உதவாது. காவல், துப்புரவு, உணவுச்சாலை போன்றவை பொதுவாக மையத் தொழில் அல்ல என்று சட்டமே விலக்கிவிட்டது.

மகிழ்ச்சிக்குரியது எதுவெனில், ஒப்பந்தக்காரர் ஊதியத்தைக் கொடுக்காமல் விட்டால், அவர் காவல் புரியும் இடத்துக்கு உடையவர்களே அதற்குப் பொறுப்பாவர் என்று ஊதியத் தொகுப்பு கூறுகிறது. அந்த உடையவர்களில் நம் குடியிருப்புச் சங்கமும், சங்கத்துக்குச் சந்தா கட்டும் நாமும் அடக்கம் என்பதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். நமக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று நியமனக் கடிதம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் ஒவ்வோர் ஊழியருக்கும் அது தரப்படவேண்டும். முன்பே வேலையில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்குச் சட்டம் தொடங்கிய மூன்று மாதங்களுக்குள் தரவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். அவரை அனுப்பியிருக்கும் ஒப்பந்தக்காரரிடம் பத்துப் பேருக்கு மேல் உண்டு. ஆகவே ஒரு விண்ணப்பம் எழுதினோம். பணியில் சேர்ந்த நாள், பணியின் பெயர், ஊதியம் என்று மூன்று வரிகள். ஊதியம் என்ற வரிக்கு நேரே எந்தத் தொகையை எழுதுவது என்று கேட்டார். சீட்டிலிருந்த படிகளைக் கூட்டி, மொத்தத்தில் பாதியைக் கண்டு, தாண்டியதை அடிப்படையோடு சேர்த்து, வந்த தொகையை எழுதிக் காட்டினோம். அவர் அந்த எண்ணைத் தம் சீட்டின் பின்புறத்தில் தம் கையாலேயே எழுதிக்கொண்டு இரவுக்காவலுக்குப் போனார்.